20 அடித் தெருவில் 30 கார்: டெல்டா ஊர்களில் எந்த வழி சரிப்பட்டு வரும்?

கார் நிறுத்தும் தகராறைப் பேசித் தீர்க்கக் கூடுகிற தெருக்கூட்டத்துக்கு முதலில் வேண்டியது ஒரு டேப். யார் வாசல், யார் முதலில் வந்தார்கள் என்று பேச்சு வளர்வதற்கு முன்னால் தெருவை அளந்துவிட்டால் பாதி வாதங்களுக்கு வேலையே இருக்காது. கும்பகோணத்தின் பழைய தெருக்கள் பலவற்றில் சாக்கடைக்குச் சாக்கடை அளந்தால் 20 அடி தேறினாலே பெரிது. தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கம் புதிதாக வந்த நகர்களில் மனை விளம்பரம் சொல்லும் அளவு 23 அடி ரோடு, 30 அடி ரோடு. இந்த மூன்று அகலங்களுக்கும் ஒரே தீர்வு பொருந்தாது. ஆகவே, அடுத்த தெருவில் செய்தார்கள் என்று கேட்டுவிட்டு நம் தெருவிலும் அதையே செய்வது சரியாக வராது.

அளவைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். ஸ்விஃப்ட் காரின் அகலம் 1,735 மில்லிமீட்டர், அதாவது 5 அடி 8 அங்குலம். கண்ணாடிகள் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். சாக்கடை ஓரத்தில் சக்கரம் இறங்காமல் இருக்கக் கொஞ்சம் தள்ளி நிறுத்த வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஒரு கார் தெருவின் அகலத்தில் 7 அடியைச் சாப்பிடுகிறது. 20 அடித் தெருவில் ஒரு பக்கம் மட்டும் நிறுத்தினால் 13 அடி மிஞ்சும்; இரண்டு பக்கமும் நிறுத்தினால் மிஞ்சுவது 6 அடி. நம் நாட்டில் லாரி, பஸ், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அகலம் 2.6 மீட்டர், எட்டரை அடி. 6 அடிச் சந்தில் தீயணைப்பு வண்டியை விடுங்கள், 108 ஆம்புலன்ஸே நுழையத் திணறும். 23 அடி ரோட்டில் இரண்டு பக்கமும் நிறுத்தினால் 9 அடி மிஞ்சும். காகிதத்தில் போதும், ஒரே ஒரு காரைக் கொஞ்சம் கோணலாக நிறுத்தினால் போதாது. 30 அடி ரோட்டில்தான் இருபக்கமும் நிறுத்துவதைப் பற்றிப் பேசவே முடியும்.

நீளத்துக்கு வருவோம். நான்கு மீட்டருக்குள் அடங்கும் காருக்கு வரிச் சலுகை 2006-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் வந்ததிலிருந்து, நம் தெருக்களில் நிற்கும் கார்களில் பெரும்பாலானவை 13 அடிக்குள் இருக்கின்றன. முன்னும் பின்னும் எடுக்க இடம் விட்டால் ஒரு காருக்கு 16 அடி. இன்னோவா கிரிஸ்டா என்றால் அதன் நீளமே பதினைந்தரை அடி. அதற்கு 18 அடியாவது வேண்டும். கணக்குக்கு 400 அடி நீளத் தெரு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். 20 அடி முகப்புள்ள வீடுகள் ஒரு பக்கத்துக்கு இருபது, மொத்தம் நாற்பது. ஒரு பக்க நீளத்தை 16-ஆல் வகுத்தால் 25 கார் வரும். அதில் கேட்டுகளுக்கு முன்னால் உள்ள இடம், இரண்டு முனைகளிலும் திருப்பத்துக்கு விட வேண்டிய இடம், கரண்டுக் கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், குடிநீர்க் குழாய் என்று கழித்தால் 15 கார்தான் மிஞ்சும். நாற்பது வீட்டில் முப்பது கார் இருந்தால், பதினைந்து காருக்கு அந்தத் தெருவில் இடமே கிடையாது. யாருடைய நல்ல குணமும், யாருடைய கெட்ட குணமும் இந்த எண்ணை மாற்றாது. பக்கத்து வீட்டுக்காரரோடு மனக்கசப்பு கொள்வதற்கு முன்னால் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கார்கள் பெருகியதில் தவறு எதுவும் இல்லை. பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளை, பெற்றோரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஒரு கார் வாங்கிக் கொடுக்கிறான். கணவன் தஞ்சாவூர் பக்கமும் மனைவி மயிலாடுதுறை பக்கமும் வேலைக்குப் போகும் வீட்டில் இரண்டாவது வண்டி வருகிறது. பழைய கார்ச் சந்தை பெருத்திருக்கிறது, கடன் சுலபமாகக் கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஆகவே எண்ணிக்கை இன்னும் ஏறும் என்று வைத்துக்கொண்டுதான் முடிவு எடுக்க வேண்டும். இன்றைய கார்களுக்கு மட்டும் போடும் திட்டம் இரண்டு தீபாவளி தாண்டாது.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 20 அடித் தெருவுக்கு நான் பரிந்துரைப்பது, தெருவில் ஒரு பக்கம் மட்டும் நிறுத்துவதும், மிச்சக் கார்களுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனையை வாடகைக்கு எடுப்பதும், அந்த வாடகையைக் கார் வைத்திருக்கும் எல்லா வீடுகளும் பிரித்துக்கொள்வதும். இதில் மூன்றாவதுதான் முக்கியம், அதைத்தான் கூட்டங்களில் யாரும் எடுப்பதில்லை. மற்ற வழிகளை ஏன் பின்னால் தள்ளினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

என் வாசல், என் இடம்

பெரும்பாலான தெருக்களில் இப்போது நடப்பது இதுதான். அவரவர் வாசலுக்கு முன்னால் உள்ள தெரு அவரவருக்கு என்ற எழுதாத வழக்கம். இதில் ஒரு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவது அந்த வீட்டுப் பெண். வாசலை அடைத்து இன்னொருவர் வண்டி நின்றால், வயதானவர் படி இறங்கித் தெருவுக்கு வர முடியாது. வீட்டு நுழைவாயிலை அடைத்து நிறுத்தக் கூடாது என்று 2017-இல் வந்த மத்திய அரசின் வாகன ஓட்டுதல் விதிமுறைகளும் சொல்கின்றன.

ஆனால் நுழைவாயிலை அடைக்காமல் இருப்பது வேறு, வாசலுக்கு முன்னால் உள்ள 20 அடியையும் சொந்தமாக்கிக்கொள்வது வேறு. பட்டா மனையோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் இருப்பது பொதுத் தெரு. கல் வைப்பது, சிமெண்ட் தொட்டியில் அரளிச் செடி வைப்பது, உடைந்த நாற்காலியைக் குறுக்கே போடுவது, சொந்தச் செலவில் ‘நோ பார்க்கிங்’ போர்டு மாட்டுவது, இவை எதற்கும் சட்டத்தில் இடமில்லை. நிறுத்தக் கூடாத இடம் எது என்று சொல்லும் அதிகாரம் அரசுக்கும், அரசு அதிகாரம் கொடுத்த அலுவலருக்கும் மட்டுமே உண்டு.

அப்புறம், இந்த வழக்கம் எதிரும் புதிருமாக இருக்கும் இரண்டு வீட்டுக்காரர்களையும் தங்கள் தங்கள் வாசலில் நிறுத்த வைக்கிறது. தெரு இருபக்கமும் அடைபடுகிறது. நாம் மேலே பார்த்த 6 அடி அங்கேதான் உருவாகிறது. மாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு வாசலே இல்லை என்பதால் அவருக்கு இடமும் இல்லை. கார் வாங்காத வீட்டு வாசலோ, ஊரில் உள்ள எல்லோருக்கும் திறந்த மைதானமாகிவிடுகிறது. திருநாகேஸ்வரத்துக்கு ராகு பெயர்ச்சி, ஆலங்குடிக்குக் குரு பெயர்ச்சி என்று வெளியூர் வேன்கள் வரும் நாட்களில் கும்பகோணத்துக் கோயில் தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கார் இல்லாத வீட்டைத்தான் இந்த வழக்கம் அதிகம் வஞ்சிக்கிறது. எனக்கு இதன் மேல் உள்ள முதல் கோபம் அதுதான்.

ஒரு பக்கம் மட்டும்

20 அடித் தெருவில் இதற்கு மாற்று கிடையாது. இது அடிப்படை விதி. கேள்வி எல்லாம் எந்தப் பக்கம் என்பதுதான். ஒரே பக்கத்தை நிரந்தரமாக வைத்தால் அந்த வரிசை வீட்டுக்காரர்கள் மட்டும் சுமக்க வேண்டும். ஒற்றைப்படைத் தேதியில் ஒரு பக்கம், இரட்டைப்படையில் மறுபக்கம் என்று கடைத்தெருக்களில் வைப்பதுண்டு. பகலில் வந்து போகும் வண்டிகளுக்கு அது சரி. இரவு நிற்கும் வண்டிகளுக்கு அது தொல்லை. நடுராத்திரி 12 மணிக்கு யார் எழுந்து வண்டியை மாற்றுவார்கள்? ஊருக்குப் போனவர் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவார்?

மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நடைமுறைக்கு ஒத்துவரும். தமிழ் மாதம் ஒன்றாம் தேதி என்று வைத்துக்கொண்டால் யாரும் மறக்க மாட்டார்கள். வீட்டில் தினசரி நாட்காட்டி கிழிக்கிற பெரியவர்களே நினைவுபடுத்திவிடுவார்கள். சித்திரையில் வடக்குப் பக்கம், வைகாசியில் தெற்குப் பக்கம் என்று போகலாம்.

இதற்குச் செலவு இல்லை, அனுமதிக்கு அலைய வேண்டாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை. இருக்கிற காரில் பாதிக்கு இது இடம் தராது. ஆகவே ‘ஒரு பக்கம்’ என்று மட்டும் தீர்மானம் போடும் தெருவில் மறுவாரமே இடம் பிடிக்கும் போட்டி வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துவிடுபவருக்கு இடம் கிடைக்கும், இரவு டியூட்டி முடிந்து வரும் நர்ஸுக்குக் கிடைக்காது.

திண்ணையை இடித்து போர்டிகோ

பணம் உள்ளவர்கள் முதலில் நினைப்பது இதைத்தான். தெருவில் நிறுத்தவே வேண்டாம், வீட்டுக்குள்ளேயே ஏற்றிவிடலாம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பழைய தெருக்களில் இது தெருவுக்கு ஒன்றும் மிச்சம் பிடித்துத் தருவதில்லை.

நம் பக்கத்துப் பழைய வீட்டில் திண்ணையின் ஆழம் நான்கைந்து அடி இருக்கும். காருக்கோ 13 அடி வேண்டும், கேட் மூட இன்னும் கொஞ்சம். திண்ணையை மட்டும் இடித்தால் காரின் பின்பாதி தெருவில் நிற்கும். ரேழியையும் இடித்து, கூடத்தின் சுவர் வரை போனால்தான் கார் அடங்கும். அதற்குள் நூறு வருஷத்துத் தேக்குத் தூண் விலைக்குப் போயிருக்கும். இது ரசனை சார்ந்த வருத்தம் என்று ஒதுக்கிவிடுவோம். கணக்கு வேறு ஒன்று சொல்கிறது. போர்டிகோவுக்கு 10 அடி கேட். அந்தக் கேட்டுக்கு முன்னால் யாரும் நிறுத்த முடியாது. 20 அடி முகப்பில் மிஞ்சும் 10 அடியில் எந்தக் காரும் நிற்காது. அதாவது ஒரு கார் உள்ளே போனது, தெருவில் ஒரு காருக்கான இடம் காணாமல் போனது. பொதுவாக இருந்த ஓர் இடம் ஒரு வீட்டின் சொத்தாகிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. 20 அடித் தெருவில் காரை உள்ளே திருப்ப எதிர்ப்பக்கமும் காலியாக இருக்க வேண்டும், ஆகவே அங்கேயும் தகராறு.

சாக்கடைக்கு மேல் போடும் ரேம்ப் தனிக்கதை. ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு உயரத்தில் கான்கிரீட் ஊற்றினால் சாக்கடையைத் தூர்வார முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தேங்கும் தண்ணீருக்கு அதுவும் ஒரு காரணம். கும்பகோணத்தில் கோயிலுக்குச் சொந்தமான அடிமனையில் இருக்கும் வீடுகள் ஏராளம். முகப்பை இடித்துக் கட்ட அங்கே கோயில் நிர்வாகத்தின் சம்மதமும் வேண்டும்.

ஏற்கெனவே கட்டுவதென்று முடிவு செய்தவர்களுக்கு ஒரு யோசனை. பக்கத்து வீட்டுக்காரரும் கட்டப் போகிறார் என்றால், இரண்டு கேட்டுகளையும் பொதுச்சுவரை ஒட்டி அடுத்தடுத்து வையுங்கள். ஒருவருடைய கேட் வலது கோடியில், மற்றவருடையது இடது கோடியில். அப்போது கேட்டு இல்லாத பத்தும் பத்தும் அடுத்த வீடுகளோடு சேர்ந்து 20 அடியாகும், தெருவில் ஒரு கார் நிற்க இடம் பிழைக்கும். பேசாமல் கட்டினால் இரண்டு இடமும் போகும்.

புதிய நகர்களின் நிலைமை வேறு. அங்கே முகப்பு 30 அடி, 40 அடி. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் புதுக் கட்டடத்தில் வண்டி நிறுத்த இடம் கேட்கின்றன. அங்கே சிக்கல், வரைபடத்தில் கார் நிறுத்தமாகக் காட்டிய இடத்தைப் பின்னால் கடையாகவோ வாடகை அறையாகவோ மாற்றிவிட்டு, காரைத் தெருவில் விடுவது. அப்படிச் செய்தவர் தெருவில் இடம் கேட்டு வந்தால், முதலில் உங்கள் ஷெட்டைக் காலி செய்யுங்கள் என்று தெரு நலச்சங்கம் தைரியமாகச் சொல்ல வேண்டும்.

கொல்லைப்புறம்

டெல்டாவுக்கே உரிய ஒரு வழி இது. பிற ஊர் ஆலோசனைகளில் இதைப் பார்க்க முடியாது. நம் பழைய வீடுகள் அகலத்தில் குறுகி, நீளத்தில் ஓடுபவை. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை தாண்டினால் கிணற்றடி, கொல்லை. பல தெருக்களில் கொல்லைக் கதவு அடுத்த தெருவிலோ, பின்சந்திலோ, காவிரி அல்லது அரசலாற்றுக் கரையிலோ திறக்கும். அந்தப் பின்வழி 10 அடி அகலமும் வண்டி வர ஏற்ற தரையும் உள்ளதாக இருந்தால், இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. முகப்பு இடிபடாது, தெருவில் ஓர் இடமும் குறையாது.

நாற்பது வீட்டில் நான்கைந்து வீட்டுக்கு இது பொருந்தலாம். பின்சந்து பல இடங்களில் ஆக்கிரமிப்பில் சுருங்கிவிட்டது. சில இடங்களில் சாக்கடையாகவே மாறிவிட்டது. அதை மீட்பது தனி வீட்டுக்காரரால் ஆகாது, தெருவாகச் சேர்ந்து மாநகராட்சியிடம் மனுக் கொடுத்தால் நடக்கும். ஒரு எச்சரிக்கை: கொல்லையில் தென்னை இருந்தால் அதன் கீழ் நிறுத்தாதீர்கள். தேங்காய் விழும், மட்டை விழும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மரமே விழுந்ததை டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காலி மனை

இதுதான் என் தேர்வு என்பதால் நுணுக்கமாகவே பேசுகிறேன்.

பெரும்பாலான தெருக்களிலிருந்து இரண்டு மூன்று நிமிட நடையில் ஒரு காலி மனை இருக்கும். சொந்தக்காரர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார். மனையில் சீமைக் கருவேலம் வளர்ந்து, குப்பை சேர்ந்து, பாம்பு அடைந்து கிடக்கும். அவருக்கு இரண்டு பயம் உண்டு: யாராவது வளைத்துப் போட்டுவிடுவார்களோ, வாடகைக்கு விட்டால் காலி செய்ய மறுப்பார்களோ. இந்த இரண்டு பயத்துக்கும் நாம் பதில் வைத்துக்கொண்டு போனால் பேரம் சுலபமாகப் படியும். தெரு முழுக்க மனைமேல் கண் வைத்திருக்கும்போது ஆக்கிரமிப்பு நடக்காது என்பது முதல் பயத்துக்குப் பதில். 11 மாத ஒப்பந்தம், மூன்று மாத முன்னறிவிப்பில் காலி செய்வது, நிரந்தரக் கூரையோ கட்டடமோ போடாமல் இருப்பது என்று எழுத்தில் கொடுப்பது இரண்டாவதற்குப் பதில். வாய்ப்பேச்சில் எதையும் விடக் கூடாது.

எத்தனை கார் நிற்கும்? நம் பக்கத்து நில அளவில் ஒரு குழி என்பது 12-க்கு 12 அடி, 144 சதுர அடி. ஒரு காருக்கு 8 அடி அகலமும் 16 அடி நீளமும் என்றால் 128 சதுர அடி. ஆக, காருக்கு ஒரு குழி என்று மனக்கணக்குப் போடலாம். ஆனால் திருப்பி எடுக்க அதே அளவு இடம் வேண்டும். 40-க்கு 60 மனையில் பின்னால் ஐந்து, முன்னால் நுழைவாயில் போக மூன்று என எட்டுக் கார்கள் யாரும் யாரையும் மறிக்காமல் நிற்கும். பதினைந்து காரைத் திணித்தால் நிற்கும்தான், ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு ரயிலுக்குப் போகிறவர் நான்கு பேரை எழுப்ப வேண்டிவரும். எட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தரைதான் டெல்டாவின் பெரிய சவால். நம் மண் களிமண். சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பது, ஐப்பசி மழைக்குப் பிறகு சக்கரத்தை முழங்கால் அளவு விழுங்கும். தெரு மட்டத்தைவிட மனை தாழ்வாக இருந்தால் தண்ணீரும் அங்கேதான் வந்து நிற்கும். ஆகவே ஒப்பந்தம் போட்டவுடன் முதல் செலவு கிராவல் அடிப்பது. ஆடி ஆவணிக்குள் அடித்து, உருட்டிக் கெட்டிப்படுத்திவிட வேண்டும். மழை தொடங்கியபின் அடித்தால் சேற்றோடு சேர்ந்து போய்விடும். அடுத்த செலவு விளக்கு, கேட், பூட்டு. கேமரா வைத்தால் மனநிம்மதி. அப்புறம் எலி. வயல்களில் அறுவடை முடிந்தபின் எலிகள் மனைப்பக்கம் ஒதுங்கும், வண்டியின் ஒயரைக் கடித்துவைக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது வண்டியை எடுத்து ஓட்டுவதும், மனையில் புல்லையும் குப்பையையும் சேரவிடாமல் பார்த்துக்கொள்வதும் இதற்கு நல்ல காப்பு.

இப்போது பணம். மனை வாடகை மாதம் 6,000, விளக்கு, சுத்தம், பராமரிப்பு எல்லாம் 1,500 என்று ஒரு கணக்குக்கு வைப்போம். மொத்தம் 7,500. மனையில் நிறுத்தும் எட்டுப் பேர் மட்டும் கொடுத்தால் ஆளுக்கு 940 ரூபாய் அளவுக்கு வரும். தெருவில் வாசலோரம் நிறுத்துகிறவர் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். இப்படி வைத்தால் என்ன ஆகும்? மூன்று நிமிடம் நடந்து போகிறவரே காசும் கொடுக்கிறார், வாசலில் சுகமாக நிறுத்துகிறவர் சும்மா இருக்கிறார். மூன்றாவது மாதம் எட்டில் நான்கு பேர் விலகுவார்கள், மிச்சம் நான்கு பேருக்குச் சுமை இரட்டிப்பாகும், ஆறாவது மாதம் மனை திரும்பக் கருவேலங்காடாகும்.

அதே 7,500-ஐ முப்பது காருக்கும் பிரித்தால் ஒரு காருக்கு 250 ரூபாய். தெருவில் நிறுத்துகிறவருக்கு இடம் கிடைப்பதே, எட்டுப் பேர் ஒதுங்கிப் போனதால்தான். அதற்கான பங்கை அவரும் தருவது நியாயம். என்னைக் கேட்டால் மனையில் நிறுத்துகிறவருக்கு 150, தெருவில் நிறுத்துகிறவருக்கு அதைவிடக் கூடுதல் என்று வைப்பது இன்னும் சரி. இரண்டு கார் உள்ள வீடு இரண்டு பங்கு. கார் இல்லாத வீடு ஒரு பைசா தர வேண்டாம். தெரு அவர்களுக்கும் சொந்தம், அவர்கள் அதில் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும்: பொதுத்தெருவில் நிறுத்துவதற்குக் கட்டணம் வசூலிக்கும் அதிகாரம் எந்த நலச்சங்கத்துக்கும் கிடையாது. இது மனைக்கான சந்தா, மனமுவந்து சேர்வது. ரசீதிலும் அப்படித்தான் எழுத வேண்டும்.

யார் மனைக்குப் போவது என்பதில்தான் கூட்டம் சூடாகும். ஒவ்வொரு வீட்டின் இரண்டாவது காரும் முதலில் போகட்டும். அடுத்து, வாரத்தில் ஒருநாள் மட்டும் எடுக்கப்படும் கார்கள்; உறை போட்டு மாதக்கணக்கில் தெருவில் நிற்கும் வண்டிகள் எல்லாத் தெருவிலும் உண்டு. நடக்கச் சிரமப்படும் முதியவர், மாற்றுத்திறனாளி உள்ள வீட்டுக்கும், நேரங்கெட்ட நேரத்தில் வேலைக்குப் போகிறவருக்கும் தெருவில் இடம். இதை வாடகைக்கு இருப்பவர், சொந்த வீட்டுக்காரர் என்று பார்க்காமல் செய்ய வேண்டும்.

மண்டபம், மில், பள்ளிக்கூடம்

காலி மனை கிடைக்காத இடத்தில் கல்யாண மண்டபத்து வளாகத்தைச் சிலர் யோசிப்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் வெறிச்சோடிக் கிடக்கும், உரிமையாளர் சந்தோஷமாகச் சம்மதிப்பார். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் அத்தனை காரும் திரும்பத் தெருவுக்கு வரும், கல்யாணத்துக்கு வந்தவர்களின் காரும் சேர்ந்து வரும். அரிசி மில் களமும் இப்படித்தான். குறுவை, சம்பா அறுவடையின்போது லாரி நிற்கவே இடம் போதாது. பள்ளி வளாகம் இரவுக்கு மட்டும், அதுவும் தனியார் பள்ளி நிர்வாகம் ஒப்புக்கொண்டால். ஒரு பண்டிகைக்கோ, ஒரு வாரச் சாலை வேலைக்கோ இவை உதவும். நிரந்தர ஏற்பாடாக எழுதி வைக்கக் கூடாது.

மாநகராட்சியிடம் போவது

கோடு போட்டு, எண் போட்டு, குடியிருப்பவர்களுக்கு அனுமதி அட்டை கொடுப்பது நல்ல முறைதான். ஜப்பானில் 1962 முதல் ஒரு சட்டம் உண்டு. கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று வாங்கினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். அந்த இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அங்கேயும் நகரங்களில் பலர் மாத வாடகைக்கு ஒரு மனையில்தான் இடம் எடுக்கிறார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். இங்கே அப்படி ஒரு சட்டம் வரும் வரை காத்திருக்க முடியாது. ஆனால் மாநகராட்சியின் துணை இல்லாமல் ஒரு பக்க விதியைக் கூட வெளியூர் வண்டிகள் மதிக்காது. 2022 நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினத்திலிருந்து நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. வார்டு உறுப்பினர் இருக்கும் அந்தச் சபையில், தெருவின் அளவு, கார்களின் எண்ணிக்கை, பெரும்பான்மை வீடுகளின் கையெழுத்து மூன்றையும் வைத்து, மாநகராட்சியே போர்டு வைக்கத் தீர்மானம் கேளுங்கள். வெறும் புகாரோடு போவதற்கும் இப்படிப் போவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

கும்பகோணத்தாருக்கு ஒரு காரணமும் இருக்கிறது. 2016-க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியிருப்பவர்களின் வண்டிகள் எங்கே போகும் என்பதை அந்த வருஷம் தை மாதத்தில் யோசித்தால் நேரம் போதாது.

இரண்டாவது கார் வேண்டுமா?

வாங்கிவிட்டவரிடம் இதைப் பேசுவது சரியில்லை. வாங்கப் போகிறவரிடம் பேசலாம். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் 40 கிலோமீட்டர், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிகக் குறைவு. 1972-இல் சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கிய ஊர் கும்பகோணம். பஸ் வசதியில் நமக்குக் குறை கிடையாது. மாதம் நான்கு முறை குடும்பத்தோடு வெளியே போக டாக்ஸி எடுத்தால் ஆகும் செலவையும், இரண்டாவது காரின் தவணை, இன்சூரன்ஸ், சர்வீஸ், மனைச் சந்தாவையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். ஓட்டத் தெரியாத பெற்றோருக்கு ஆக்டிங் டிரைவர் எல்லா ஊரிலும் கிடைக்கிறார். தினமும் எதிரெதிர்த் திசையில் வேலைக்குப் போகும் வீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் வாங்கட்டும், வாங்குவதற்கு முன்னால் எங்கே நிறுத்தப் போகிறோம் என்று சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

முதலில் பார்த்த 400 அடித் தெருவுக்குத் திரும்பினால், முப்பது காரில் தெருவின் ஒரு பக்கம் பதினைந்து, மனையில் எட்டு, கொல்லையில் நான்கு. மிச்சம் மூன்று. அகல முகப்புள்ள வீடுகள் தங்கள் வளாகத்துக்குள்ளேயே அந்த மூன்றையும் ஏற்றிக்கொள்ள வாய்ப்புண்டு. இல்லையென்றால் இன்னும் ஒரு சிறு மனை தேட வேண்டும். 23 அடி ரோட்டிலும் நான் ஒரு பக்கம் என்றே சொல்வேன். 30 அடி ரோட்டில் இருபக்கமும் நிறுத்திக்கொள்ளலாம், மனையைத் தேட இப்போதே அவசரம் இல்லை. பெரிய தேரோடும் வீதிகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. திருவாரூர் ஆழித்தேரும், 2015-இல் மீண்டும் ஓடத் தொடங்கிய தஞ்சைப் பெரிய கோயில் தேரும் வரும் வீதிகளில் அகலம் இருக்கிறது, ஆனால் அங்கே கடைக்கு வரும் வண்டிகளோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

தெரு ஒப்பந்தத்தை எழுதும்போது விதிவிலக்குகளையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். ஒரு வீட்டில் துக்கம் என்றால் பந்தல் போடவும், ஐஸ் பெட்டி வண்டியும் அமரர் ஊர்தியும் வந்து நிற்கவும் இரண்டு பக்கமும் ஆறு வீட்டுத் தூரம் யாரும் கேட்காமலே காலியாக வேண்டும். சாமி புறப்பாடு வரும் நாள், குடிநீர் லாரி வரும் நேரம், சாக்கடை தூர்வாரும் நாள், இவற்றுக்கு முதல் நாள் இரவே தகவல் போக வேண்டும். ஊரில் இல்லாதவர் தன் கார் சாவியைத் தெருவிலேயே நம்பிக்கையான ஒரு வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எல்லார் போன் எண்ணும் எல்லாரிடமும் இருக்க வேண்டும், மாடியில் குடியிருப்பவருடையதும் சேர்த்து. முதல் மூன்று மாதத்துக்கு இதைச் சோதனையாக நடத்திவிட்டு, அதன்பின் மனைக்காரரோடு 11 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். அதுவரை மாதாந்திர வாடகைக்கு அவர் சம்மதிக்கிறாரா என்பதுதான் அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.